பதினொரு பிறை

முதல் வெடி கேட்டபோது நான் கடை வாசலில் நின்று, வாயிலிருந்த பேரீச்சங்கொட்டையைத் துப்ப இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். நோன்பு துறந்து ஒரு மணித்தியாலம்தான் இருக்கும். இரண்டாவது வெடி கடற்கரைப் பக்கம் கேட்டது. மூன்றாவது பின்வீதியில். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. சாய்ந்தமருது ஊர் முழுக்கப் பட்டாசு வெடித்தது.

அன்று நோன்பு இருபத்தொன்பது. பிறை கண்டால் மறுநாள் பெருநாள். காணாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. அன்று காணவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதை ஊருக்கு எழுதி அறிவித்தவனே நான்தான்.

சைக்கிளில் ஒருவர் கையை விட்டுவிட்டு வந்தார். "பெருநாள் முபாறக், காக்கா!"

"ஆரு சொன்ன பெருநாளெண்டு?"

"ஆரு சொன்னயா? நீங்கதானே போட்டிரிக்கிங்க!"

போனை எடுத்து நான் போட்டதை நானே மூன்று தரம் வாசித்தேன். 'ஷவ்வால் தலைப்பிறை தென்படவில்லை. நோன்பு முப்பதாகப் பூர்த்தியாகும்.' ஒரு பிழையும் இல்லை. கீழே ஊர்க்காரர் நூற்றுக்கணக்கில் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் எனக்குப் பெருநாள் முட்டைப் பலகாரமான வட்டிலப்பம் வேண்டுமா என்று கேட்டிருந்தார்.

இது எப்படி நடந்தது என்று விளங்க வேண்டுமென்றால், என் மனைவியின் சமையலறைக்குள் ஒருதரம் போய் வர வேண்டும்.

மாசிப் போத்தல்

நான் மருதமுனைக்காரன். கல்யாணம் முடித்தது சாய்ந்தமருதில். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைதான் புகுந்த வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுடையது, சட்டம் மாமியுடையது. புது மாப்பிள்ளைக்கு முதல் ஒரு மாதம் சாப்பிடுவது மட்டுமே வேலை. நானும் அதைக் குறைவில்லாமல் செய்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவப் போகிற வழியில்தான் அந்தப் போத்தல்களைக் கண்டேன். மாசிக் கருவாடும் சரக்குகளும் அடைத்து, தட்டு முழுக்க வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் என் மனைவி பர்சானா ஒரு கடதாசி ஒட்டி, கறுப்புப் பேனையால் பெயர் எழுதியிருந்தாள். மாசி. கொத்தமல்லி. பெருஞ்சீரகம். ரம்பை.

எழுத்தா அது! அவளுடைய 'ம'வுக்கு விருந்து சாப்பிட்ட வயிறு. 'சி'யின் கொக்கி மேலே போய், யோசித்து, ஒரு வட்டம் போட்டு இறங்கும். 'ரு'வின் வால் பூனை வால் போலச் சுருண்டு அடுத்த எழுத்தைத் தொடும். புள்ளி வைக்கிற இடத்தில் புள்ளி வைக்க மாட்டாள்; தண்ணீர்த் துளி ஒன்று வரைவாள்.

பிரதான வீதியில் எனக்குப் பதாகை அடிக்கிற பெனர் கடை ஒன்று இருந்தது. பட்டம் பெற்றவருக்கு, ஹஜ்ஜுக்குப் போய் வந்தவருக்கு, புலமைப்பரிசில் பாஸான பிள்ளைக்கு என்று ஊரில் சந்தோசப்படுகிற எல்லாருக்கும் பெனர் அடிப்பது என் தொழில். கொம்பியூட்டரில் இருந்த அலங்கார எழுத்தெல்லாம் இந்தியாவிலிருந்து வந்தவை. சினிமாவுக்குப் பொருந்தும். எங்கள் ஊர்ப் பெயர்களை எழுதினால் கதை வேறு. 'அ' பட்டுச் சேலை கட்டி நிற்கும், பக்கத்தில் 'ஹ' மட்டும் இரவல் சட்டை போட்டவன் போல ஒட்டாமல் நிற்கும்.

ஆகவே ஒரு நாள் மத்தியானம் சமையலறைக்குள் போய் எல்லாப் போத்தலையும் போட்டோ எடுத்தேன். பர்சானா வாசலில் வந்து நின்றாள்.

"என்னத்துக்கு மாசியப் படம் எடுக்கிங்க? உங்கட உம்மாக்கு அனுப்பவா, எங்கட வீட்டுல எவ்வளவு கிடக்கெண்டு காட்ட?"

அவளுடைய எழுத்தைக் கொம்பியூட்டர் எழுத்தாக்கப் போகிறேன் என்று அவளுக்கு விளங்கப்படுத்த இரண்டு நாள் ஆனது. விளங்கிய பிறகு வெட்கப்பட்டாள். அதற்குப் பிறகு பிழை பிடிக்கத் தொடங்கினாள். என் மனைவி எதையாவது விரும்பத் தொடங்கிவிட்டாள் என்பதற்கு அதுதான் அடையாளம்.

இல்லாத ஹல்வா

போத்தல்களிலிருந்து தமிழில் முக்கால்வாசி கிடைத்துவிட்டது. இஞ்சி 'ஞ' தந்தது, வெங்காய வடகம் 'ங' தந்தது. கஷ்டம் எங்கே வந்ததென்றால் ஜ, ஸ, ஷ, ஹ என்ற நாலு பேரிடம். இந்த நாலும் இல்லாமல் எங்கள் ஊரில் அஞ்சு பேரின் பெயர் எழுத முடியாது. ஒரு பெனருக்கு ஒரு ஹாஜியார் குறைந்தபட்சம்.

பர்சானாவிடம் வெறும் 'ஹ' எழுதித் தரச் சொன்னேன். வரவில்லை. பரீட்சை எழுதுகிறவள் போலக் கை இறுகிப்போனது. அவளுக்குப் போத்தல் வேண்டும். போத்தலில் ஒட்டப் போகிறேன் என்று நினைத்தால்தான் அந்த வளைவு வரும்.

எனவே வெறும் போத்தல் ஒன்றை எடுத்து 'ஹல்வா' என்று எழுதி ஒட்டினாள். அற்புதமான 'ஹ'. இன்றைக்கும் அந்த எழுத்துக் குடும்பத்தில் அழகி அவள்தான்.

பிரச்சினை என்னவென்றால் பர்சானாவின் உம்மாவான மாமியும் அந்தப் போத்தலைக் கண்டார். என் மாமி என்னோடு நேராகக் கதைப்பதில்லை. அது மரியாதை. எனக்குச் சொல்ல வேண்டியதை முற்றத்துக் கோழியிடம் சொல்வார். நான் கேட்கிற தூரத்தில் கோழி நிற்கும்.

"ஹல்வா எண்டு எழுதியிரிக்கி, உள்ளுக்கு ஒண்டையும் காணல்ல," என்று கோழியிடம் சொன்னார். "எழுத்த மட்டும் வெச்சு நக்கச் சொல்றாங்க போல."

நான் பின்னேரமே ஹல்வா வாங்கி வந்து போத்தலை நிரப்பினேன்.

தடிப்பும் நெருப்பும்

எழுத்துக்குப் 'பர்சானா' என்று பெயர் வைத்தேன். பாசத்தில் வைத்த பெயர். பாசத்தில் செய்கிற வேலையில் யோசனை கொஞ்சம் குறைவாக இருக்கும்.

பெனருக்குப் பர்சானா மெல்லிசாக இருந்தது. தூரத்திலிருந்து தெரியவில்லை. எனவே கனமாக ஒன்று செய்தேன், 'பர்சானா தடிப்பு'. அதைக் கேட்டு என் மனைவி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

பிறகு கல்யாணக் கார்டுக்குப் 'பர்சானா பூ'. கிரிக்கெட் கழகத்துப் பொடியன்கள் கேட்டதால் எழுத்தின் தலையெல்லாம் எரிகிற 'பர்சானா நெருப்பு'. நெருப்பு நன்றாகப் பிடித்தது. ஒரு கழகம் எடுத்தால் எதிர்க் கழகம் இரண்டு மடங்கு நெருப்புக் கேட்டது. கடைசியில் எழுத்துக் கருகி, வீரர்களின் பெயரை வாசிக்க முடியாமல் போன பிறகுதான் ஓய்ந்தார்கள்.

இதற்கிடையில் கட்டாரிலிருந்து லீவில் வந்த மச்சான், பர்சானாவின் கூடப்பிறந்த நானா, என் கடைக்கு வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் நுழைந்தார்.

"காக்கா, போன முறை பர்சானா சரியில்ல. இந்த முறை கொஞ்சம் கொழுப்பிச்சு, சாய்ச்சு வெச்சுத் தாங்க."

மச்சான் கதிரையிலிருந்து எழுந்த வேகத்தை நான் மறக்க மாட்டேன். அவரை உட்கார வைத்து, கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்டி, எழுத்தென்று நம்ப வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் நம்பினார். மன்னிக்கவில்லை. அன்றைக்கே வீட்டில் போய் உம்மாவிடம் சொன்னார், "இவர இஞ்ச வெச்சிரிக்கப்படா, நான் கூட்டிட்டுப் போறன்."

கெடு

கடை அப்போது படுத்துக்கிடந்தது. பெனர் கடை ஊரில் தெருவுக்கு ஒன்று வந்துவிட்டது. மச்சான் கட்டாரில் ஒரு பெரிய கடையின் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலைக்கு எனக்கு விசா ஒழுங்கு செய்தார். பர்சானாவுக்கு அப்போது ஆறு மாதம். எனக்குப் போக விருப்பமே இல்லை. பிள்ளை பிறக்கும்போது நான் அங்கே பெட்டிக்கு மேல் பெட்டி வைத்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்தாலே சோறு இறங்காது.

மாமி கோழியிடம் கெடுவைச் சொன்னார். பெருநாளைக்குள் நிரந்தரமாக ஒரு வேலை கடைக்கு வர வேண்டும். வராவிட்டால் விமானம்.

அந்த நேரத்தில்தான் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் செயலாளர் நஸீர் மாஸ்டர் கடைக்கு வந்தார். நோன்பு மாதத்து அறிவித்தல்களை எல்லாம் நான் செய்து கொடுக்க வேண்டும். நன்றாக இருந்தால் வருசம் முழுக்க நோட்டீஸ், கலண்டர், எல்லாம் எனக்கே. நான் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

பள்ளி வேலைக்கென்று ஒரு புது வகை வேண்டும் என்று நானாகவே நினைத்தேன். அங்கேதான் வினை. பர்சானா புள்ளி வைக்கிற இடத்தில் துளி வரைவாள் அல்லவா? அந்தத் துளியை எடுத்துவிட்டுப் பிறை வைத்தேன். 'பர்சானா பிறை'. மாஸ்டருக்குச் சொல்ல முடியாத சந்தோசம்.

"மாஷா அல்லாஹ்! ஆனா பிறை சின்னனா இரிக்கி. பெருப்பிச்சுப் போடுங்க."

பெருப்பித்தேன். மறுநாள் தங்க நிறம் கேட்டார். அதற்கடுத்த நாள் பின்னால் கருநீல வானம் கேட்டார். கேட்டதெல்லாம் கொடுத்தேன். மாதம் முழுக்க ஊர் மெச்சியது. இருபத்தொன்பதாம் நோன்பன்று பின்னேரம் இரண்டு அறிவித்தலையும் செய்து தயாராக வைத்துக்கொண்டேன், கண்டால் ஒன்று, காணாவிட்டால் ஒன்று. இரண்டும் ஒரே வானம், ஒரே தங்கம்.

கொழும்பிலிருந்து முடிவு வந்ததும் மாஸ்டர் போன் எடுத்தார். "இல்லையாம். போடுங்க."

போட்டேன்.

இருபது நிமிஷம்

பள்ளி ஒலிபெருக்கியில் மோதினார் அதே செய்தியைச் சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் அன்று பார்த்து மைக் பெட்டி மக்கர் பண்ணியது. அதைத் தட்டி, குத்தி, ஸலவாத்துச் சொல்லி எழுப்ப இருபது நிமிஷம் சென்றது. அந்த இருபது நிமிஷமும் ஊருக்கு என் எழுத்து மட்டும்தான்.

போனில் சின்னதாகத் தெரிகிற படம். கறுத்த வானம், அதில் பளபளவென்று தங்கப் பிறைகள். ஒரு மாதம் பட்டினி கிடந்து, நாளைக்கா நாளை மறுநாளா என்று தவிக்கிற சனம். யார் வாசிப்பார்கள்? பார்த்தார்கள். தக்பீர் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எங்கள் தெரு முனையில் மாடு அறுக்கிறவர் மாட்டை அறுத்துவிட்டார். தையற்கடைக்காரரை நாற்பது பேர் சூழ்ந்து இன்றைக்கே சட்டை கேட்டார்கள். அவர் பின்கதவால் ஓடிவிட்டார். பர்சானா எனக்குப் போன் எடுத்து, "உம்மா வட்டிலப்பத்துக்கு முட்டையெல்லாத்தையும் உடைச்சிட்டா," என்றாள். "நீங்க எழுதின என்ன எண்டு நான் சொல்லச் சொல்லக் கேக்காம உடைச்சிட்டா."

மாடும் முட்டையும் கூடப் பரவாயில்லை. ஹாஜியாருக்கு நடந்ததுதான் என் தலையில் விழுந்தது.

பள்ளித் தலைவர் செய்யது ஹாஜியார் அந்த வருசம் வாழ்க்கையில் முதல் தடவையாக இஃதிகாப் இருந்தார். நோன்பின் கடைசிப் பத்து நாளும் பள்ளியை விட்டு வெளியே வராமல் வணக்கத்தில் இருப்பது. பிறை கண்டால்தான் வெளிக்கிடலாம். பத்து நாள் இருக்கப் போகிறேன் என்று இரண்டு மாதமாக ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். பள்ளி மூலையில் திரைச்சீலை கட்டி, பாயும் தலையணையுமாகப் போய் இருந்தவர், வெடிச் சத்தம் கேட்டு எழுந்தார். யாரோ போனைக் காட்டினார்கள். கண்ணாடி போடவில்லை. பிறை மட்டும் நன்றாகத் தெரிந்தது.

தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வழி நெடுக ஸலாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வீட்டில் ஒரு பிளேன்டீ கேட்டார். இரண்டாவது மிடறு உள்ளே இறங்கும்போது பள்ளி மைக் உயிர்த்தது.

"பிறை தென்படவில்லை" என்று மோதினார் சொல்லி முடிக்க, ஊரில் விழுந்த அமைதி இருக்கிறதே! வாங்கிய வெடியைத் திருப்பிக் கொடுக்க ஒருவர் கடைக்குப் போனாராம். ஹாஜியார் அதே தலையணையோடு பின்வீதியால் பள்ளிக்குத் திரும்பினார். ஆனால் வெளியே வந்தால் இஃதிகாப் முறிந்தது முறிந்ததுதான் என்று மௌலவி சொல்லிவிட்டார்.

ஆறும் பதினொன்றும்

மறுநாள் முப்பதாவது நோன்பு. பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பள்ளி மேல்மாடியில் நிர்வாகிகளான மரைக்காயர்மார் வரிசையாக இருந்தார்கள். நடுவில் ஹாஜியார், அவருக்கு முன்னால் என்னுடைய இரண்டு அறிவித்தலும் கடதாசியில்.

"தம்பி, நீங்க எழுதின என்ன?"

"பிறை தென்படவில்லை எண்டுதான் எழுதின நான், ஹாஜியார்."

"அப்ப இது என்ன?" என்று விரலை வைத்தார்.

"அது புள்ளி."

"எனக்குப் பிறையாத் தெரியிதே."

"பிறை மாதிரிப் புள்ளி, ஹாஜியார்."

"மாஸ்டர், எத்தின இரிக்கி, எண்ணுங்க."

நஸீர் மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து, விடைத்தாள் திருத்துவது போல ஒவ்வொன்றாகச் சரி போட்டார். பெருப்பிக்கச் சொன்னதே தான்தான் என்று அவர் வாய் திறக்கவில்லை. "பதினொண்டு."

"மத்தத எண்ணுங்க. கண்டா போடுறதுக்குச் செஞ்சது."

'ஷவ்வால் தலைப்பிறை தென்பட்டது. நாளை பெருநாள்.' மாஸ்டர் இரண்டு தரம் எண்ணினார். "ஆறு."

ஹாஜியார் இரண்டு கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "கண்டா ஆறு. காணாட்டிப் பதினொண்டு. இது எந்த ஊர்க் கணக்கு தம்பி?"

மரைக்காயர்மார் தோள் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். தோள்கள் குலுங்கின. ஹாஜியார் சிரிக்கவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒன்பது நாள் அந்த மூலையில் முதுகு வலியோடு கிடந்த மனிசன்.

"உங்களோட கோவமில்ல," என்றார். "ஆனா உங்கட எழுத்த நம்பி ஒரு பள்ளி இரிக்கேலா. வருச வேலைய அக்கரைப்பற்றுல ஒரு அச்சகத்துக்குக் குடுப்பம்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமி முற்றத்துக்குப் போனார். "கட்டார்ல சூடாம்," என்று கோழியிடம் சொன்னார். அந்த ஒரு வசனத்தோடு நிறுத்திக்கொண்டார். அதிகம் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பர்சானா கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். "என்ட எழுத்துத்தானே," என்றாள். "நான் நேரா ஒரு புள்ளி வெச்சிருந்தா நீங்க பிறையும் வெச்சிரிக்க மாட்டீங்க." அவள் அழவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

பெருநாள் விருந்தாளிகள்

பெருநாள் தொழுகையில் என்னைக் கட்டிப்பிடித்தவர்கள் எல்லாரும் காதில் ஒரே கேள்வி கேட்டார்கள். "இண்டைக்கு எத்தின பிறை?" சிரித்துக்கொண்டே கேட்டார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து புதுச் சட்டையோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. முன்பின் தெரியாத இரண்டு பேர் இறங்கினார்கள். நெற்றியில் திருநீறு. பெரியநீலாவணையிலிருந்து வருகிறார்களாம். மூத்தவர் தன்னைத் தங்கராசா என்றார். படகுக்காரர், கோயில் நிர்வாகத்தில் இருக்கிறவர்.

"நீங்கதானே தம்பி அந்தப் பிறை எழுத்துக்காரர்?"

செய்தி அங்கேயும் போய்விட்டது என்று எனக்கு விளங்கியது. எழுந்து நின்றேன். "ஓம் அண்ணன். பிழை நடந்து போச்சு."

"பிழையா?" என்று அவர் மற்றவரைப் பார்த்தார். "தம்பி, நாங்க அஞ்சாறு வருசமாத் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கிறம். நாளும் நேரமும் தெளிவாத்தான் போடுறம். சனம் வாசிக்குது, வாசிச்சிட்டு வீட்டுல இருக்குது. உங்கட ஊருல வாசிக்காமலே முழுச் சனமும் தெருவுக்கு இறங்கிட்டுதாமே!"

நான் அவர்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டேன்.

"அந்தப் பிறை இருக்கிற இடத்தில எல்லாம் வேல் வெச்சுத் தரேலுமா?" என்றார். "கையில காசில்லாம வரல்ல, நல்லா யோசிச்சுத்தான் வந்தம். மறுகா, எங்கட மீன்பிடிப் போட்டுகளுக்கும் பேர் எழுதணும். அதுக்கு மீன் வெச்சா எப்பிடி இருக்கும்?"

நான் பதில் சொல்லுமுன் உள்கதவுத் திரைச்சீலை அசைந்தது. மாமியின் குரல், நேராக, சத்தமாக வந்தது.

"தம்பிமார், திருவிழா இந்த வருசத்தோட முடியிறயா?"

இருவரும் திடுக்கிட்டார்கள். "இல்லம்மா. வருசா வருசம் வரும்."

"போட்டு எத்தின கிடக்கு?"

"கரை முழுக்கக் கிடக்கம்மா. உடைய உடையப் புதுசும் கட்டுவம்."

திரைக்குப் பின்னால் பர்சானாவின் வளையல் ஒருதரம் கேட்டது.

"அப்ப எங்கட மருமகன் இந்த வேலையச் செய்து தருவாரு," என்றார் மாமி. "அவருக்கு இனி வெளிநாட்டுக்குப் போக நேரமில்ல. வட்டிலப்பம் தின்னாமப் போயிராதீங்க, முட்டை நிறையப் போட்டு வெச்சிரிக்கன்."

நான் வாயைத் திறந்திருந்தால் விருந்தாளிகளுக்கு முன்னால் அழுதிருப்பேன். தங்கராசா அண்ணன் என்னைப் பார்த்தார், திரைச்சீலையைப் பார்த்தார், இந்த வீட்டில் யாரோடு பேசி முடிக்க வேண்டும் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"அம்மா சொன்னாச் சரி," என்றார்.